மட்டக்களப்பை நடந்து பார்க்க விடியற்காலைதான் சரி

மட்டக்களப்பு டவுனை நடந்தே பார்க்க நினைப்பவர்கள் விடிய ஆறு மணிக்கே புளியந்தீவுக் கோட்டையில் தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் நடக்க ஏலாது. 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இது. வாசலோடு திரும்பிவிடாமல் வாவிப் பக்கமும் போய்ப் பாருங்கள், மதிலின் தடிப்பும் வெடிப்புகளில் முளைத்த செடியும் அங்கேதான் தெரியும். அப்புறம் காந்தி பூங்கா, வாவியில் தோணிகள் வரும் நேரம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடந்தால் (பக்கத்திலேயே லேடி மானிங் பெயரில் ஆங்கிலேயர் கட்டிய பழைய இரும்புப் பாலம்) கல்லடிக் கடற்கரை வந்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) வாயைக் காயவைக்கும், தண்ணிப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். கார்த்திகை, மார்கழி மழைக்கு வராதீர்கள்.