ஜார்ஜியா மாநிலத்தைப் பலகையில் எழுப்புவது எப்படி: பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு செய்முறை

ஜார்ஜியா என்று தேடினால் வரும் படங்களில் பாதி காகசஸ் மலைப்பக்கத்து நாட்டுடையவை. வரைபடத்தில் திபிலீசி தென்பட்டால் மூடிவிடுங்கள். அட்லாண்டா, சவானா இரண்டும் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய அமெரிக்க மாநிலம். பரப்பு சுமார் 1,54,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிது.

முதலில் கட்டம். பெரும்பாலான மாதிரிகள் கெட்டுப்போவது இங்கேதான். வேலூர் அட்சரேகை 13° பக்கம் இருப்பதால், நம் ஊர் வரைபடத்துக்குச் சதுரக் கட்டம் போட்டாலும் பெரிதாகத் தப்பு தெரியாது. ஜார்ஜியா 30.4° முதல் 35° வரை வடக்கே இருக்கிறது. அங்கே ஒரு டிகிரி அட்சரம் 111 கி.மீ. என்றால், ஒரு டிகிரி தீர்க்கம் 93 கி.மீ.தான். சதுரக் கட்டத்தில் வரைந்தால் மாநிலம் அகலவாக்கில் உப்பிவிடும். 1 செ.மீ.க்கு 8 கி.மீ. என்று வைத்து, கட்டத்தின் உயரம் 13.9 செ.மீ., அகலம் 11.7 செ.மீ. என்று போடுங்கள். வரைபடம் 64 செ.மீ. உயரமும் 56 செ.மீ. அகலமும் வரும். அதற்கு 80 × 70 செ.மீ. அளவில், 12 மி.மீ. பிளைவுட் போதும்.

உயரத்துக்கு அதே அளவுகோல் ஆகாது. மாநிலத்தின் மிக உயர்ந்த இடமான பிராஸ்டவுன் பால்ட் 1,458 மீட்டர், ஏலகிரியைவிட உயரம். ஆனாலும் இந்த அளவில் அது 2 மி.மீ.கூட வராது. ஆகவே உயரத்துக்கு மட்டும் 1 செ.மீ. = 200 மீட்டர். பிராஸ்டவுன் பால்ட் 7.3 செ.மீ., அட்லாண்டா ஒன்றரை செ.மீ., கடலோரம் பூஜ்யம். ‘உயரம் 40 மடங்கு கூட்டப்பட்டது’ என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அரைக் கிலோ பழைய செய்தித்தாளைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, மிக்சியில் அடித்துத் துணியில் பிழியுங்கள். 100 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் 150 மி.லி. ஃபெவிகாலுடன் கூழில் பிசையுங்கள். பூஞ்சையும் பூச்சியும் வராமலிருக்க அரை டீஸ்பூன் மயில்துத்தம் சேர்க்கலாம். அது விஷம் என்பதால், கலப்பதைப் பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும். அந்த மிக்சி ஜாரையும் சமையலறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வடகிழக்கில் புளூ ரிட்ஜ் மலைகளுக்குத் தெர்மாகோலை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, மேலே கூழ் பூசுங்கள். வடமேற்கில் நீளவாட்டத்தில் வரப்புகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும். விரலால் இழுத்தாலே போதும். ஒரு பூச்சு 5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் வெயிலில் காயவைத்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். நிழலில் ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சைப் போடுங்கள். பலகை வளையாமலிருக்கப் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். தெர்மாகோல் வெளியே தெரியும் இடத்தில் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அரித்துவிடும்.

இனி இந்த மாதிரியின் உயிர்நாடி: அருவிக்கோடு. மேற்கே கொலம்பஸ் (32.5° வ, 85° மே), நடுவே மேக்கன் (32.8°, 83.6°), கிழக்கே அகஸ்டா (33.5°, 82°) ஆகிய மூன்று புள்ளிகளையும் இணையுங்கள். வடக்கே பீட்மான்ட் மேட்டில் கடினப் பாறை. தெற்கே கடல் படியவைத்த மணலும் களிமண்ணும். மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இந்தத் தெற்குச் சமவெளிதான். ஆறுகள் பாறையை விட்டு மெதுமண்ணுக்கு இறங்கும் இடத்தில் பாய்ச்சல் எடுக்கின்றன. ஜலகாம்பாறை மாதிரி ஒரே விழுகை அல்ல, நீண்ட தூரத்துக்குப் பாறைத் தடங்கல். கடலிலிருந்து ஏறிவரும் படகு அங்கே நின்றாக வேண்டும். நின்ற இடத்தில் சந்தை, சந்தையைச் சுற்றி ஊர். பிறகு ஆலைகளைச் சுழற்றவும் அதே நீர்ப்பாய்ச்சல் உதவியது. ஆகவே ஆற்றுப் பள்ளங்களில் மட்டும், ஈரக் கூழில் கத்தியால் 2–3 மி.மீ. படி வெட்டுங்கள். நிலம் முழுவதையும் சுவர்போல் இறக்கிவிடாதீர்கள்.

ஆறுகளில் ஐந்து போதும். கிழக்கு எல்லையில் சவானா. மேற்கு எல்லையின் தெற்குப் பாதியில் சட்டஹூச்சி. நடுவே ஆக்மல்கீயும் ஒகோனியும் கூடி ஆல்டமஹா ஆகின்றன. தென்கிழக்கு மூலையில் ஓக்கிஃபினோக்கி சதுப்பைக் கரும்பச்சையாக அடியுங்கள்.

நிறத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். பீட்மான்ட் மண் இரும்புச் சத்தால் சிவந்தது. நம் செம்மண்ணைச் சலித்து ஃபெவிகால் மேல் தூவினால் அச்சாக அதே நிறம். தெற்குக்கு மணல். தென்மேற்கில் நான்கு மல்லாட்டை (வேர்க்கடலை) ஒட்டுங்கள்: அமெரிக்காவிலேயே அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான், போளூர்க்காரருக்கு விளக்கமே தேவையில்லை.

காய்ந்தபின் கொடிகள். மேக்கன் அருகே பூர்வகுடிகள் எழுப்பிய ஆக்மல்கீ மண்மேடுகளுக்கு ஒன்று, வடமேற்கில் எட்டோவா மேடுகளுக்கு ஒன்று. வெள்ளையருக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன என்பதை இந்த இரண்டும் சொல்லும். 1540-இல் ஸ்பெயினின் எர்னான்டோ டே சோட்டோ படையோடு இதன் வழியே போனார்; அவருக்குக் கொடி வேண்டாம், ஒரு நூல் போதும்.

சவானா (32.1°, 81.1°) கொடியில் தேதி கவனம். இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் ஓகல்தார்ப் குடியேறிகளோடு வந்து கரையிறங்கியது 1733 பிப்ரவரி 12. இங்கிலாந்தில் 1752 வரை பழைய நாட்காட்டி நடப்பில் இருந்ததால், அன்றைய ஏடுகளில் அது பிப்ரவரி 1. ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும் என்பதால் 1732 என்றும் இருக்கும். மூன்றும் ஒரே நாள்தான், ஒன்றை மட்டும் எழுதுங்கள். அங்கே இடம் கொடுத்தவர் யமக்ரா மக்களின் தலைவர் டோமோசீச்சி. இடையே மொழிபெயர்த்தவர் மேரி மஸ்குரோவ். இருவர் பெயரும் அட்டையில் வரட்டும். இங்கிலாந்து அரசரின் சாசனம் தந்த நிலம் சவானா, ஆல்டமஹா ஆறுகளுக்கு இடைப்பட்டது, மேற்கே பசிபிக் கடல்வரை. இன்றைய எல்லை முழுவதையும் ‘1733’ என்று காட்டுவது பிழை. அந்த இரண்டு ஆறுகளுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டுங்கள்.

அகஸ்டா 1736-இல் மான்தோல் வணிகத்துக்காக எழுந்தது. ஆம்பூர்ப் பக்கம் கிடைக்கும் வெட்டுத்தோல் துண்டு ஒன்றை அங்கே ஒட்டினால் எழுத்தே வேண்டாம். பட்டுப்பூச்சி வளர்க்கும் திட்டமும் பெரிதாகப் போடப்பட்டது, கடைசியில் வேரூன்றவில்லை. ஆரணிப் பட்டுநூல் ஒரு இழையைச் சவானா அருகே சுற்றுங்கள்.

பலகைக்குக் கீழே இரண்டு வரிசை அட்டைகள்: மேலே ஜார்ஜியா, கீழே நம் சீமை. 1733: சவானா, ஆற்காட்டில் நவாப் தோஸ்த் அலி கான். 1742: செயின்ட் சைமன்ஸ் தீவில் ஸ்பானியர் முறியடிப்பு, வேலூரில் நவாப் சப்தர் அலி கொலை. 1751: ஆற்காட்டு முற்றுகை. அதே ஆண்டுக்கு நேர்மேலே எழுத வேண்டியது, 1735-இல் போட்ட அடிமைமுறைத் தடை நீக்கப்பட்டதை. நெல் வயல்களில் லாபம் பார்க்க நினைத்தவர்கள் விடாமல் கேட்டு வாங்கியது அது. பார்க்க வருபவர்கள் அதிகம் கேட்பதும் இந்த அட்டையைப் பற்றித்தான் என்பதால், பேச்சில் சூட்டிகையான பிள்ளையை அதன் பக்கம் நிறுத்துங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் குத்துவது அட்லாண்டா கொடியை. 1733-இல் அப்படி ஓர் ஊரே இல்லை. அது 1837-இல் ரயில்பாதை முடியும் இடமாகப் பிறந்தது, 1845-இல் இந்தப் பெயர் பெற்றது, 1868-இல்தான் தலைநகரம். வேறு நிறத்தில், கடைசியாகக் குத்தட்டும்.