நற்செய்தி வாசகத்திலிருந்து மன்றாட்டும் பாட்டும் எழுதும் முறை

வரும் ஞாயிற்றுத் திருப்பலிக்கு மன்றாட்டு எழுதும் பொறுப்பை உங்கள் அன்பியம் (பங்கின் சில குடும்பங்கள் சேர்ந்த செபக்குழு) ஏற்றிருந்தால், அந்த ஞாயிற்றின் நற்செய்தியைப் புதன்கிழமை இரவே ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, கடைக்குப் போய்வந்து, தண்ணீர் பிடித்து முடித்த பிறகு அவசரமாக உட்கார்ந்து எழுதும் மன்றாட்டில் உலக அமைதியும் திருத்தந்தையின் உடல்நலமும் தவறாமல் இடம்பெறும்; அன்றைய வாசகம்தான் இடம்பெறாது. கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீருமேடு பகுதித் தேயிலைத் தோட்டக் கோயில்களில் தமிழில் வழிபடும் நம்மிடம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வாசகத்தோடு சில நாள் கூடவே இருந்து எழுதும் பழக்கம்தான் குறைவு.

எந்த ஞாயிற்றுக்கு எந்த நற்செய்தி என்பதை முன்கூட்டியே அறிவது எளிது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்து மீதி இல்லையென்றால் அது மூன்றாம் ஆண்டு. அப்போது லூக்கா வாசிக்கப்படும். மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, மத்தேயு; இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கியதுமே அடுத்த ஆண்டின் கணக்குத் தொடங்கிவிடும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கணக்கின்படி 2026 மத்தேயுவின் ஆண்டு. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய பாஸ்கா காலத்திலும் வருகிறார். மாற்கு நற்செய்தி அளவில் சிறியது என்பதால், இரண்டாம் ஆண்டின் பொதுக்கால 17ஆம் ஞாயிறு முதல் 21ஆம் ஞாயிறு வரை யோவானின் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. அந்த ஐந்து வாரமும் அப்பத்தைப் பற்றியே எழுத வேண்டியிருக்கும். ஐந்துக்கும் ஐந்து வேறு வினைச்சொற்களைத் தேடிக்கொள்ளாவிட்டால் மூன்றாம் வாரத்திலேயே சரக்குத் தீர்ந்துவிடும்.

வினைச்சொல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாசகத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது அதன் கருத்து என்னவென்று கேட்காமல், அதில் யார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கருத்தைத் தேடினால் அன்பு, மன்னிப்பு, தாழ்மை ஆகிய மூன்றில் ஒன்று கிடைக்கும். அந்த மூன்றையும் வைத்து ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கும் ஒரே மன்றாட்டை எழுதிவிடலாம். செயலைத் தேடினால் ஒவ்வொரு வாசகமும் தனக்கே உரிய ஒன்றைத் தரும். சக்கேயு மரத்தில் ஏறுகிறார், பார்வையற்ற பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுகிறார், சமாரியப் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போகிறார். மன்றாட்டு அந்தச் செயல் ஒன்றிலிருந்து பிறக்கட்டும்.

முதல் ஆண்டின் பொதுக்கால 25ஆம் ஞாயிறு வாசகத்தை எடுத்துக்கொள்வோம். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வருகிறது. நிலக்கிழார் விடியற்காலையிலும், பின்னர் ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி, ஐந்து மணி அளவிலுமாக ஐந்து முறை வெளியே போய் ஆட்களை அழைக்கிறார். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது ஒரு தெனாரியம், சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு பணம். அன்றைய உழைப்பாளியின் ஒரு நாள் கூலி என்பது இரண்டுக்கும் பொருள்.

மஸ்டர் எனும் வருகைப் பதிவில் பெயர் கொடுத்து, நிர்ணயித்த அளவுக்கு மேல் கிள்ளும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு வாங்கிப் பழகியவர்களின் காதில் இந்த உவமை எப்படி விழும் என்பதை எழுதுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும். வெயிலில் நாள் முழுவதும் உழைத்தவர்களின் முணுமுணுப்பு நம் ஊரில் வெறும் பொறாமையாகக் கேட்காது. அதில் நியாயத்தின் குரலும் உண்டு. 2015 செப்டம்பரில் போனசுக்காகவும் கூலிக்காகவும் மூணாற்றில் தெருவில் அமர்ந்த பெண்கள், பொம்பிளை ஒருமை என்ற பெயரில் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசினார்கள். அவர்களும் அவர்களின் மகள்களும் உட்கார்ந்திருக்கும் கோயிலில், கிடைப்பதைக் கொண்டு திருப்தியடையும் மனம் தாரும் என்று மன்றாட்டு வாசித்தால் அது நற்செய்தியாகாது. உவமையில் வரும் நிலக்கிழார் யாருடைய கூலியையும் குறைக்கவில்லை; கடைசியில் வந்தவரின் வீட்டிலும் அன்றிரவு அடுப்பெரிய வேண்டும் என்றுதான் நினைக்கிறார். வேலை கிடைக்காமல் நின்றவர்கள் சொல்லும் பதிலும், எங்களை யாரும் அழைக்கவில்லை என்ற ஒரே வரிதான். நான் பிடித்துக்கொள்வது அந்த வரியை. அதிலிருந்து எழுதிய மன்றாட்டு இது:

“இறைவா, விடியற்காலையிலும் வந்தீர், பொழுது சாயும் வேளையிலும் வந்தீர். யாரும் அழைக்காமல் நின்றவர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டீர். இன்று வேலையின்றி வீடு திரும்புகிறவர்களின் அடுப்பில் உலை கொதிக்கச் செய்யும். காலை முதல் உழைத்த எங்களுக்கு உரிய கூலியையும், பிறருக்குக் கிடைப்பதைக் கண்டு மகிழும் நெஞ்சையும் தாரும்.”

இதில் திராட்சை தேயிலையாக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டவர் சொன்ன உவமையில் தோட்டம் திராட்சைத் தோட்டமாகவே இருக்கட்டும். நம் ஊர் வேண்டுதல் பகுதியில் வந்தால் போதும். உவமைக்குள்ளேயே கங்காணியையும் கொழுந்துக் கூடையையும் கொண்டுபோய் வைப்பது முதல்முறை கேட்கும்போது சுவையாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை நாடகமாகிவிடும்.

வாக்கிய அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான மன்றாட்டுகள் தடுமாறுவது இங்கேதான். திருப்பலியின் தொடக்கத்தில் குரு சொல்லும் மரபான சபை மன்றாட்டில், அழைப்பு, இறைவன் செய்த ஒரு செயலின் நினைவு, வேண்டுதல், அதன் பயன், கிறிஸ்து வழியாக என்னும் முடிவு என்ற ஐந்து உறுப்புகள் உண்டு. இலத்தீனில் இறைவனை முதலில் அழைத்துவிட்டு, அவர் செய்ததைப் பின்னால் சொல்லலாம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவதால், அதையே அப்படியே ஒரே வாக்கியமாக்கினால், “விடியற்காலையிலும் ஒன்பது மணியிலும் மாலையிலும் சென்று வேலையின்றி நின்றவர்களைத் தமது தோட்டத்துக்கு அழைத்து அனைவருக்கும் சமமான கூலியை வழங்கிய” என்று நீண்டு, கடைசியில்தான் இறைவா என்ற சொல் வந்து சேரும். தாளில் வாசிப்பவருக்கு அது புரியும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பதே பாதி வழி வரை தெரியாது. ஆகவே முதலில் அழையுங்கள், பிறகு அவர் செய்ததைத் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள், அதன்பின் கேளுங்கள். நீர் என்று தொடங்கினால் இறுதிவரை நீர், தாரும், அருளும் என்றே போக வேண்டும். பாட்டில் நீ என்று உரிமையோடு அழைப்பதற்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. ஆனால் ஒரே பாட்டில் இரண்டையும் கலக்கக் கூடாது.

நம்பிக்கையாளர் மன்றாட்டின் வரிசை ஏற்கெனவே வகுக்கப்பட்டது: திருஅவையின் தேவைகள், நாட்டை ஆள்வோரும் உலகின் மீட்பும், துன்புறுவோர், இறுதியாக நம் பங்குச் சமூகம். அவை சுருக்கமாகவும் சமூகம் முழுவதன் வேண்டுதலாகவும் இருக்க வேண்டும் என்பதே திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் சொல்வது. சுருக்கம் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை எட்டு வேண்டுதல்களை ஒரே மூச்சில் கோத்து நான் எழுதிய மன்றாட்டை வாசித்த பெண் நடுவில் மூச்சுவாங்க நின்றார். முடிந்துவிட்டது என்று நினைத்த சபை, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்லிவிட்டது. அவர் மீதியை வாசித்து முடித்ததும் மறுபடியும் சொல்லியது. அன்றிலிருந்து ஒரு மன்றாட்டுக்கு மூன்று அல்லது நான்கு சிறு வாக்கியங்கள் என்பது என் அளவு. ஒவ்வொன்றும் ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்று ஒரேமாதிரி முடிந்தால், பதிலை எங்கே தொடங்குவது என்று சபைக்குத் தெளிவாகத் தெரியும்.

எல்லைப்புறத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டி வாசிப்பது கடினம். அவர்களுக்கு மன்றாட்டு காதால் மட்டுமே போய்ச் சேருகிறது. இருமொழியிலும் ஒலி ஒத்துப் பொருள் மாறும் சொற்களிடம் எச்சரிக்கை வேண்டும். நாம் அவசரம் என்றால் விரைவு. மலையாளத்தில் அது வாய்ப்பு. நமக்கு வெள்ளம் ஆற்றுப் பெருக்கு. அவர்களுக்குக் குடிக்கும் நீர். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் பேசும் வாழ்வு தரும் தண்ணீரைப் பழைய மலையாள வேதம் வெள்ளம் என்றே சொல்லும். ஆகவே, வெள்ளத்திலிருந்து எங்களைக் காத்தருளும் என்று எழுதினால் பின்வரிசையில் நிற்கும் சிறுவனுக்குக் குழப்பம்தான். 1924இல் இந்த மலைகளையே புரட்டிப்போட்ட பெருக்கை, மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால், கேரளத்தார் தொண்ணூற்றொன்பதின் வெள்ளப்பொக்கம் என்கிறார்கள். பெருவெள்ளம் என்றோ மழைப் பெருக்கு என்றோ எழுதிவிட்டால் இரு காதுகளுக்கும் பொருள் ஒன்றாகும். அதேபோல ஜனவரி 18 முதல் 25 வரை நடக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் சி.எஸ்.ஐ. சபையாரோடு சேர்ந்து செபிக்கும்போது, நம் இறைவனும் அவர்களின் கர்த்தரும் மோதிக்கொள்ளாமல் ஆண்டவர் என்ற பொதுச் சொல்லே உதவும்.

இனி பாட்டுக்கு வருவோம். பதிலுரைப் பாடலாக வரும் திருப்பாடலின் இடத்தில் நாம் எழுதிய பாட்டைப் பாடக் கூடாது. அது இறைவார்த்தையின் இடம். வருகைப் பாடலாகவோ நற்கருணைக்குப் பின்னரோ பாடலாம். எங்கே என்பதைப் பங்குத் தந்தையிடம் கேட்டுவிடுங்கள். மன்றாட்டுக்குச் சொன்ன விதியே பாட்டுக்கும்: ஒரு செயல், ஒரு படிமம். இரண்டாம் ஆண்டின் பாஸ்கா ஐந்தாம் ஞாயிற்றில் யோவான் 15ஆம் அதிகாரத்தின் திராட்சைக் கொடி வாசிக்கப்படுகிறது. கனி தரும் கிளையைத் தந்தை கழித்துவிடுகிறார் என்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல்லுக்குத் தூய்மையாக்குதல் என்றும் பொருள். அடுத்த வசனத்தில் சீடர்களை நீங்கள் தூய்மையாய் இருக்கிறீர்கள் என்று ஆண்டவர் சொல்வது அந்தச் சொல்லின் தொடர்ச்சியே. கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பச்சையாக இருந்த மலைச்சரிவு ஒரு வாரத்தில் சுள்ளிக் காடாகிவிடும். புதிதாக வந்தவர் செடி செத்துவிட்டது என்றே நினைப்பார்.

“வெட்டிய கொம்பில் விரிதளிர் இல்லை;
கட்டிய கூடும் கலைந்தது, தேவா;
பட்டதென் றெண்ணிப் பலர்கடந் தார்கள்;
விட்டதும் இல்லைநீர், வேர்தொட்டு நின்றீர்.”

அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. இங்கே அது டகர ஒற்று. அடிக்குள் சீர்களின் முதலெழுத்து இணங்குவது மோனை: வெட்டிய, விரிதளிர், கட்டிய, கலைந்தது. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. பாட்டுத்தாள் இல்லாத பாட்டிக்கு அடுத்த அடியை நினைவூட்டிக் கொடுப்பவை அவைதாம். கீர்த்தனையாக விரித்தால் பல்லவியில் வேண்டுதலையும் சரணங்களில் வாசகத்தின் நிகழ்வுகளையும் வையுங்கள். சபை பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மெட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த கும்மியோ தாலாட்டோ நல்லது. சினிமா மெட்டு வேண்டாம். பாடும்போது எல்லாருக்கும் அந்தக் காட்சிதான் கண்ணில் நிற்கும்.

புலம்பலுக்கும் நற்செய்தியில் இடம் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். மூன்றாம் ஆண்டின் தவக்கால மூன்றாம் ஞாயிற்றில் லூக்கா 13ஆம் அதிகாரம் வரும். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவர் உறுதியாக மறுக்கிறார். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடி, 70 உயிர்கள் போன பிறகு இந்தப் பகுதியை நாம் வேறுவிதமாகத்தான் கேட்கிறோம். இத்தகைய மன்றாட்டில் காரணம் சொல்லாதீர்கள். இறைவன் சோதித்தார் என்றோ, மலர்களைப் பறித்துக்கொண்டார் என்றோ எழுதாதீர்கள்; ஆண்டவரே சொல்லாத விளக்கத்தை நாம் ஏன் சொல்ல வேண்டும்? “ஆண்டவரே, அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இன்னும் மழைச் சத்தத்துக்கு விழிக்கிறோம். எங்களோடு விழித்திரும்.” இதற்கு மேல் ஒரு வரி கூடினாலும் அதிகம். வாசித்த பிறகு பத்து எண்ணும் நேரம் அமைதி என்று தாளிலேயே எழுதிக்கொடுத்துவிடுங்கள். எழுதாவிட்டால் ஆர்மோனியம் உடனே தொடங்கிவிடும்.

எழுதி முடித்ததை வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி நீங்கள் கண்ணை மூடிக் கேளுங்கள். அவர் தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். அவரைத் திருத்த வேண்டாம். பிறகு பெரிய எழுத்தில் நகல் எடுத்து, வாசிப்பவர் கையில் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். மூலத்தாளின் மேல் மூலையில் ஞாயிறும் ஆண்டும் குறித்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால், மூன்றாண்டு கழித்து அதே வாசகம் வரும்போது எடுத்துப் பார்க்கலாம். பழையதை அப்படியே வாசிக்கக் கொடுக்காமல், அன்று எந்த வினைச்சொல்லைப் பிடித்தீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, இம்முறை வேறொன்றிலிருந்து தொடங்குங்கள்.