விமானம் தாமதமா? போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வர வேண்டிய விமானம், இயந்திரக் கோளாறால் ஐந்து மணி நேரம் தாமதம். கையில் ஒரு சாண்ட்விச் கூப்பனைத் திணித்தார்கள். சரி, அவ்வளவுதான் என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்கிருந்து புறப்பட்டு 3,500 கி.மீ.க்கு மேல் பறக்கும் விமானம் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் சரி. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, கதவு திறந்த நேரம்தான் கணக்கு. நான் அப்போதே கைபேசியில் குறித்துக்கொண்டேன். புயல், கடும்பனி என்றால் கிடைக்காது. சாதாரண இயந்திரக் கோளாறு அந்தச் சாக்கில் சேராது. வவுச்சர் தருகிறோம் என்று குழைவார்கள். பணமாகவே கேளுங்கள்.