தண்டர்பேர்டைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகு மெயில் காணோமா? இப்படிச் சரி பண்ணுங்க

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில், தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரில் இருக்கும் பழைய மெயில் சாதாரண விஷயம் இல்லைங்க. பையர் அனுப்பிய ஆர்டர், சாம்பிள் அப்ரூவல், அளவு சார்ட் எல்லாம் அதில்தான் கிடக்கும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் கையில் இருக்கிற ஆதாரமே அதுதான். அதனால் புதுக் கம்ப்யூட்டரில் மெயில் முழுசாகத் திறக்கும் வரை பழையதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீங்க, ஃபார்மேட்டும் பண்ணாதீங்க.

உங்கள் அக்கவுன்ட் ஐமேப் என்றால் கவலை குறைவு. கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், அக்கவுன்டைப் புதிதாகச் சேர்த்தாலே வந்துவிடும். மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கும் பாப் அக்கவுன்டும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியும்தான் சிக்கல். அவை உங்கள் டிஸ்க்கில் மட்டுமே இருக்கலாம்.

முதல் வேலை, பழைய கம்ப்யூட்டரில்

தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவுக்குள் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போங்க. 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரியில் இருக்கும் பட்டனை அழுத்தினால், உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் சேர்ந்து இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அது விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கிறது. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி செய்தவர்களுக்கு மெயில் வராமல் போவது இதனால்தான்.

தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்க. பார்த்துப் பார்த்துப் பொறுக்காதீங்க. பாஸ்வேர்டுகள் 'லாகின்ஸ்', 'கீ4' என்ற இரண்டு ஃபைல்களில் சேர்ந்து இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் திறக்காது.

பென்டிரைவிலும் ஒரு கண் இருக்கட்டும். இன்பாக்ஸில் உள்ள அத்தனை கடிதமும், டிசைன் படங்களோடு சேர்த்து, வழக்கமாக ஒரே ஃபைலில் இருக்கும். அது 4 ஜிபியைத் தாண்டினால், ஃபேட்32 என்ற பழைய வகையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வகையில் ஃபார்மேட் செய்த டிரைவ் வேண்டும்.

அடுத்து, புதுக் கம்ப்யூட்டரில்

தண்டர்பேர்டை இன்ஸ்டால் செய்து ஒருமுறை திறங்க. பதிப்பு பழையதற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்கட்டும். குறைந்த பதிப்பு என்றால் பழைய புரொஃபைலைத் திறக்க மறுக்கும். அதே வழியில் புரொஃபைல் ஃபோல்டருக்குப் போய், தண்டர்பேர்டை மூடி, உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்துங்க. பிறகு பழைய ஃபோல்டருக்கு உள்ளே இருப்பவற்றை மட்டும் இங்கே ஒட்டுங்க. ஃபோல்டரையே கொண்டுவந்து உள்ளே போட்டால் தண்டர்பேர்ட் அதைக் கண்டுகொள்ளாது, 'புது அக்கவுன்ட் சேருங்கள்' என்றே கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்னும் பிழை வந்தால்

'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொன்னால் டாஸ்க் மேனேஜரில் தண்டர்பேர்டை நிறுத்துங்க. அப்படியும் அதே செய்தி என்றால் புரொஃபைலுக்குள் 'பேரன்ட் டாட் லாக்' ஃபைலை அழிக்கலாம்.

ஃபோல்டர் பெயர் தெரிகிறது, உள்ளே காலி. அல்லது ஒரு தலைப்பைத் தொட்டால் வேறு கடிதம் திறக்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், கடிதங்களின் பட்டியலை வைத்திருக்கும் அட்டவணை ஃபைல் கெட்டுப்போனதுதான். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்க. டிஸ்க்கில் பார்த்தால் 'இன்பாக்ஸ்' என்று பெரிய ஃபைல் ஒன்றும், அதே பெயரோடு எம்எஸ்எஃப் வால் வைத்த குட்டி ஃபைல் ஒன்றும் இருக்கும். குட்டிதான் அட்டவணை, அதை அழித்தாலும் மறுபடி உருவாகும். வால் இல்லாத பெரியதில்தான் உங்கள் கடிதங்கள் இருக்கின்றன. அதைத் தொடவே கூடாதுங்க.

பாப் அக்கவுன்ட் மட்டும் காலியாக இருந்தால் அக்கவுன்ட் செட்டிங்ஸில், சர்வர் செட்டிங்ஸின் அடியில் 'லோக்கல் டைரக்டரி' பாருங்க. பழைய கம்ப்யூட்டரின் யூசர் பெயரோடு பாதை நிற்கிறதா? பிரவுஸ் கொடுத்துச் சரியான ஃபோல்டரைக் காட்டுங்க.

ஜிமெயில் பாஸ்வேர்டை ஏற்காவிட்டால் சர்வர் செட்டிங்ஸில் ஆதென்டிகேஷன் முறையை ஓஆத்2 (கூகுளின் லாகின் பக்கம் வழியாக அனுமதி வாங்கும் முறை) என்று மாற்றுங்க. மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் அவுட்கோயிங் சர்வரிலும் அதே மாற்றத்தைத் தனியாகச் செய்யணும்.