பால்வாடிப் பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் அரை மணி நேரம்

காலை 10 மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். நான் 12 பேரை அழைத்துப் போகிறேன், ஆயாம்மா கடைசியில் வருவார். தூரம் வேண்டாம். எங்கள் பால்வாடிக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியே போதும்.

முந்தின நாள் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். அரளி, ஆமணக்கு, குன்றிமணி இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். குன்றிமணி பார்க்க அழகு, மென்றால் விஷம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

அப்புறம் குழியானை, எறும்பு பிடிக்க மண்ணில் குழி பறிக்கும் குட்டிப் பூச்சி. மழை படாத சுவரோரப் பொடிமண்ணில் புனல் மாதிரி குட்டிக் குழிகள் இருக்கும். எறும்பைப் பிடித்துப் போட வேண்டாம், பாவம். ஈர்க்குச்சியால் விளிம்பைத் தொட்டு மண்ணை உதிர்க்கச் சொல்லுங்கள். அடியில் இருப்பது மண்ணை வாரி எறியும். "டீச்சர், அதுக்குக் கோவம்!" என்றாள் ஒருத்தி. விளக்கம் சொல்லிவிடாதீர்கள்; "ஏன் கோபம்?" என்று மட்டும் கேளுங்கள். அது பின்பக்கமாக நடப்பதை அவர்களே கவனிக்க மூன்று நாள் ஆனது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் சிரமம். பின்னால் அதற்குத் தட்டான் போல இறக்கை முளைக்கும் என்றேன், யாரும் நம்பவில்லை.

புளியங்கொட்டையை மூன்று வயதுக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். ஒருவன் மூக்கில் போட்டுக்கொண்டான், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர்களுக்குப் பூவரச இலை கொடுங்கள். சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி ஊதினால் பீப்பி. விரலுக்கும் நல்ல வேலை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.