பேன்ஷியில் இடது பிளக் மட்டும் வெளுத்தது ஏன்?

கோத்தகிரி எஸ்டேட் சாலையில் ஓட்டும் யமஹா பேன்ஷி, நான்கு சக்கர ஏடிவி, 347 சிசி, இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (புகைபோக்கிக் குழாய்) மாற்றி, கலவையை உள்ளே விடும் ரீட் வால்வைப் புதுப்பித்த பிறகு ஒரு தொல்லை: கட்டைவிரல் த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காமல் அலறியது. த்ராட்டில் கேபிள், கார்புரேட்டரில் அது இழுக்கும் ஸ்லைடு இரண்டும் சரி.

“மலைக்கு ஜெட் ஒத்துக்கல ண்ணா” என்றார் மெக்கானிக்; ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை. ஆனால் உயரத்தில் காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் கூடும், பிளக் கறுக்கும். இங்கே இடது பிளக் வெள்ளை, அதாவது அந்தப் பக்கம் காற்று அதிகம்; வலது பழுப்பு, அதுதான் சரியான நிறம். கார்புரேட்டர்களை இடம் மாற்றிப் போட்டும் வெளுப்பு இடது பக்கமே நின்றது; அப்படியானால் எங்கோ காற்று கசிகிறது. மேக்னெட்டைக் கழற்றி, கிராங்க் தண்டு வழியே காற்று புகாமல் தடுக்கும் இடப்பக்க சீலை மாற்றினோம். செலவுதான் மிச்சம்.

கடைசியில் பிரஷர் டெஸ்ட். கார்ப், சைலன்சர் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ ஏற்றினால் முள் நிற்க வேண்டும், மெல்ல இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினேன். கார்புரேட்டர்களை என்ஜினோடு சேர்க்கும் இரண்டு இன்டேக் ரப்பர்களையும் இணைக்கும் சின்னக் குறுக்குக் குழாயின் இடது நுனியில், கிளிப்புக்கு அடியில், கீழ்ப்பக்கமாக நுரை கிளம்பியது. ரப்பர் முதுமையில் வந்த விரிசல், வளைத்தால்தான் தெரியும். மேலிருந்து ஸ்பிரே அடித்துத் தேடினால் அகப்படவே அகப்படாது.

புதுக் குழாயும் கிளிப்பும் போட்டு மறுபடி டெஸ்ட்: முள் அசையவில்லை. த்ராட்டிலை விட்டதும் ஆர்பிஎம் உடனே இறங்குகிறது, பிளக் இரண்டும் ஒரே பழுப்பு. அப்பாடா! இந்தக் குழாயை எடுத்துவிட்டு ரப்பரை அடைப்பவர்களும் உண்டு. எனக்கு அது இருந்தால் கீழ் ஆர்பிஎம்மில் ஓட்டம் சீராக இருப்பதாகப் பட்டது, எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.