கடும் வெயிலில் தொட்டிச் செடிகள்: வேர் சுடாமல் வளர்க்கும் முறை

தொட்டிச் செடி வாடினால் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஒரு கோடையில் பட்டுப்போன ரோஸ்மேரியை மண்ணோடு கவிழ்த்துப் பார்த்தேன். மண் ஈரமாகவே இருந்தது. மேற்கு வெயில் விழுந்த பக்கத்து வேர்கள் மட்டும் கருகியிருந்தன. மறுபக்க வேர்கள் வெள்ளையாக இருந்தன. செடியைக் கொன்றது சூடுதான். நிலத்தில் நிற்கும் செடிக்குச் சுற்றியுள்ள மண்ணே காவல். தொட்டியில் அந்தக் காவலை நாம்தான் அமைத்துத் தரவேண்டும், அதுவும் பல ஆண்டு வாழவேண்டிய செடி என்றால் நடும் நாளிலேயே.

1. தொட்டி

35 முதல் 45 செ.மீ. விட்டமும் அதே அளவு ஆழமும் இருக்கட்டும். சிறிய தொட்டி விரைவில் காய்கிறது, விரைவில் கொதிக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம்: வெயில் படும் பக்கத்தில் உள்ளிருக்கும் மண் 50 டிகிரி செல்சியஸைக்கூட எட்டிவிடும். பெரும்பாலான வேர்கள் 40 டிகிரியை நெருங்கும்போதே திணறத் தொடங்கும். கறுப்புத் தொட்டிதான் கையில் இருக்கிறது என்றால் வெளிப்புறம் வெள்ளை பூசிவிடுங்கள். மெருகிடாத மண் தொட்டி, சுவர் வழியாக ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதற்கு ஈடாகத் தண்ணீர் அடிக்கடி கேட்கும்.

நான் மிகவும் நம்புவது தொட்டிக்குள் தொட்டி முறையை. பிளாஸ்டிக் தொட்டியைச் சற்றுப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள மூன்று நான்கு செ.மீ. இடைவெளியில் மணல் நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றும்போது அந்த மணலையும் நனையுங்கள். இரண்டு தொட்டிகளிலும் வடிகால் துளை கட்டாயம்.

2. மண் கலவை

தோட்ட மண்ணை மட்டும் நிரப்பினால் கெட்டிப்பட்டு வேருக்குக் காற்று கிடைக்காது. உப்பு போக அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மட்கிய எரு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு போதும். அடேனியம், கற்றாழை போன்றவற்றுக்கு மணலைக் கூட்டி எருவைக் குறையுங்கள்.

அடியில் சரளைக்கல் பரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீர் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி வேரை அழுகவைக்கும். துளையின் மேல் ஒரு வலைத்துண்டு போதும். விளிம்பில் 4 செ.மீ. இடம் விட்டு நிரப்புங்கள்.

3. செடியும் இடமும்

போகன்வில்லா, அடேனியம், சோற்றுக்கற்றாழை, நித்தியகல்யாணி, ரோஸ்மேரி ஆகியவை தொடக்கத்துக்கு நல்லவை. அரளியும் வெயில் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு, குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம். கோடை உச்சத்தில் நடாமல், வெயில் தணிந்த பருவத்தில் ஒரு மாலை வேளையில் நடுங்கள்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் சிறந்தது. சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும்.

4. தண்ணீர்

விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால், அதிகாலையில், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். கணக்கு வைத்துத் தினமும் ஒரு குவளை ஊற்றுவது மேல்மண்ணை மட்டுமே நனைக்கும்.

ஊற்றியதும் தண்ணீர் உடனே வெளியேறினால் ஏமாறாதீர்கள். காய்ந்து சுருங்கிய மண் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும். தொட்டியை வாளியில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள், குமிழி வருவது நிற்கும்வரை.

நண்பகலில் இலை தொங்கினால் பதறவேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடி நலமாகவே இருக்கிறது. மாலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்னும் ஊற்றாமல் நிழலுக்கு மாற்றுங்கள்.

5. மூடாக்கும் பிறவும்

மண்மேல் 4 செ.மீ. அளவுக்குச் சருகோ நாரோ பரப்புங்கள், தண்டைத் தொடாமல். கடும் வெயிலில் உரம் வேண்டாம். மேலே வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. நிறையத் தண்ணீர் விட்டு அலசி வடியவிடுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வேர் சுருண்டு தொட்டியை நிறைத்துவிடும். குளிர்ச்சியான பருவத்தில் வெளியே எடுத்து, ஓர வேர்களைக் கொஞ்சம் கத்தரித்து, புதுக் கலவையில் நட்டு, பத்து நாள் நிழலில் வையுங்கள்.